நிமிடத்துக்கு ஆறு மூச்சு

இரவு இரண்டு மணி. கோலாலம்பூரை அடுத்த சுபாங் ஜெயாவில், யூஎஸ்ஜே பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில், மென்பொருள் பொறியாளர் ஒருவரின் கைப்பேசி அலறுகிறது: சர்வர் படுத்துவிட்டது. அவர் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. கண்மணி விரிகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. ஓடுவதற்கும் மோதுவதற்கும் உடம்பு தயார். இத்தனை ஏற்பாடும் எதற்கு? நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டுவதற்கு!

அட்ரினலின் சில விநாடிகளில் வரும், சில நிமிடங்களில் கரைந்தும் போகும். பின்னால் வருகிற கார்டிசோல் அப்படியல்ல. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஆணையிட வேண்டும்; பிட்யூட்டரி அதை வாங்கி இரத்தத்தின் வழியே அனுப்ப வேண்டும்; அதற்குப் பிறகே அட்ரினல் சுரக்கும். இரத்தத்தில் அது உச்சத்தைத் தொட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்துக்குள், சுபாங் ஜெயாவில் கொமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் நிலையத்தை நெருங்கிவிடலாம். பத்தே நிமிடத்தில் சர்வரை எழுப்பிவிட்டுப் படுத்தவருக்கு, பிரச்சினை தீர்ந்த பிறகுதான் கார்டிசோல் உச்சத்துக்கு வருகிறது. தூக்கம் வராமல் புரள்வதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை.

கல்லீரலை அதட்டி அடக்க முடியாது, இதயத்தையும்தான். ஆனால் தானாகவும் ஓடி, நாம் சொன்னாலும் கேட்பது ஒன்று உண்டு: மூச்சு. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள். துடிப்பு சற்றுத் தளரும். உள்ளே இழுக்கும்போது விரையும். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று கிளைவிடும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில் இதயத்தை இழுத்துப் பிடிக்கிறது.

மூச்சு மூளைக்கும் சேதி சொல்கிறது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் மூச்சு மையத்தில் சுமார் 175 நரம்பணுக்களைக் கண்டார்கள். மூச்சின் நிலவரத்தை, மூளையை உசுப்பிவிடும் பகுதிக்குத் தெரிவிப்பது அவற்றின் வேலை. அந்த 175ஐ மட்டும் நீக்கியதும் எலிகள் பரபரப்பு அடங்கிச் சாந்தமாகிவிட்டன. கோடிக்கணக்கான அணுக்கள் உள்ள மூளையில் வெறும் 175!

அப்படியானால் எவ்வளவு மெதுவாக மூச்சுவிடுவது? நாம் வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லச் செய்தார்கள். பிறகு 'ஓம் மணி பத்மே' என்ற பௌத்த மந்திரத்தைச் சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்று வந்து நின்றது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதே தாளத்தில் ஏறி இறங்கின. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஜெபமாலை மாதா ஆலயமும் உண்டு, சிங்களச் சமூகத்தார் எழுப்பிய பௌத்த மகா விகாரையும் உண்டு. எந்த வாசலில் நுழைந்தாலும் நெஞ்சுக்குக் கணக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

மூச்சு சீரானாலும் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2,250 பேரை அவ்வப்போது கைப்பேசியில் வழிமறித்து, 'செய்கிற வேலையைத் தவிர வேறெதையாவது நினைக்கிறீர்களா?' என்று கேட்ட ஹார்வர்டு ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. கேட்ட தருணங்களில் 46.9 விழுக்காட்டில், செய்கிற வேலையை விட்டு மனம் வேறெங்கோ போயிருந்தது. அலைந்த மனத்தில் மகிழ்ச்சியும் குறைவு. மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் விழிப்புக் கவனம், நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பழக்கம். மனம் ஓடினால் திட்டாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். ஓடுவது தோல்வியல்ல, ஓடியதைக் கவனித்துத் திரும்புவதுதான் பயிற்சியே. 'இது பயம்', 'இது எரிச்சல்' என்று உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே, மூளையில் அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலாவின் செயல்பாடு தணிவதை 2007இல் ஒரு ஸ்கேன் ஆய்வு காட்டியது.

இந்தப் பயிற்சியை அலுவலகத்துக்குள் முதலில் கொண்டுவந்தது சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்த பொறியாளர் சாட்-மெங் டான் கூகுளில் வகுப்பு தொடங்கியது 2007இல். விழிப்புக் கவனப் பாடத்திட்டத்தை ஜான் கபாட்-ஜின் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் வகுத்தது 1979இல். ஆனால் பர்மாவின் தலைமைக் கணக்காளர் ஊ பா கின், தம் அலுவலகத்தாருக்கென்றே விபாசனா தியானச் சங்கம் அமைத்தது 1950இல்! கணக்குப் பேரேடுகளுக்கு நடுவில் அப்போதே வகுப்புகள் நடந்திருக்கின்றன.

பலன் எவ்வளவு? பதற்றக் கோளாறு உள்ள 276 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. எட்டு வார விழிப்புக் கவனப் பயிற்சி, எஸ்சிட்டலோப்ரம் மாத்திரைக்கு ஈடாக நின்றது. (உட்கொள்ளும் மருந்தைத் தாமாக யாரும் நிறுத்தக்கூடாது.) அதேவேளை, எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறும் என்ற பிரபலமான பேச்சை அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு ஆதரிக்கவில்லை.

2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இன்னும் கறாரானது. 46,336 ஊழியர்களை ஒப்பிட்டதில், நிறுவனங்கள் தந்த இத்தகைய பயிற்சிகளில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருக்கவில்லை. வியப்பதற்கில்லை. மூச்சு கார்டிசோலைத் தணிக்கலாம், இரவு இரண்டு மணி அழைப்பை நிறுத்தாது. அதற்கு வேலை நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்: மலேசியச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேர வரம்பை 48 மணி நேரத்திலிருந்து 45 ஆகக் குறைத்திருக்கிறது. குழுத் தலைவர்களே, தியான வகுப்புக்குப் பணம் ஒதுக்கும் முன் இந்த மாத இரவுப் பணிப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.