நீலப் புகையும் வால்வு சீலும்

பழைய கார் நீலப் புகை விட்டால், “வண்டி ஆயில் குடிக்குது, போர் பண்ணணும்” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போடும் பெரிய செலவு அது. ஆனால் ஆயில் எரியும் இடத்துக்குப் போய்ச்சேர இரண்டு வழிகள் உண்டு. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கீழிருந்து ஏறலாம். வால்வுத் தண்டை ஒட்டி மேலிருந்து இறங்கலாம். மேல்வழியைக் காப்பது விரல் நுனியளவே உள்ள ரப்பர் வால்வு சீல். எந்த வழி பழுதாகியிருக்கிறது என்பதை இன்ஜினைப் பிரிக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் கார்புரேட்டர் வண்டிகளில் 796 சிசி இன்ஜின். மூன்று சிலிண்டர்கள், ஆறு வால்வுகள், ஆறு சீல்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. தண்டு தேயாமல், அதைத் தாங்கும் குழாயான கைடுக்குள் ஏறி இறங்கக் கொஞ்சம் ஆயில் வேண்டும். கூடுதலாக இறங்கினால் எரிந்து புகையாகும். அளவோடு விடுவதுதான் சீலின் வேலை. ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட ரப்பர் இறுகிப்போனால், அதன் உதடு தண்டைப் பிடிக்காது.

புகை எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று புகை விட்டு அடங்கினால் சந்தேகம் சீல் மேல். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கியரிலேயே இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும், இன்ஜின் வேகமாகச் சுற்றும். காற்று உள்ளே வரும் குழாயில் அப்போது உறிஞ்சும் விசை மிகும்; அது தண்டோரமாக ஆயிலை இழுக்கும். இறக்கம் முடிந்து மறுபடி மிதித்ததும் புகை வந்தால் அதுவும் சீலின் அடையாளம். ரிங் தேய்ந்த வண்டியோ பாரம் ஏற்றி மிதிக்கும்போதெல்லாம் விடாமல் புகைக்கும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். இறுக்கமான டேப்பெட் வால்வை முழுதாக மூட விடாமல் அளவைக் கெடுக்கும். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பிளக் துளையில் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, முள் ஏறி நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளவைக் குறியுங்கள். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 120 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை காட்டும், சரியான எண் அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அந்த ஆயில், ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். எண் நன்றாக ஏறினால் தேய்ந்தது ரிங்கும் சிலிண்டர் சுவரும். ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் கேஸ்கெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷனைப் பிடிப்பது வால்வு சீல் அல்ல. வால்வின் முகமும் அது உட்காரும் சீட்டும்தான். ஆகவே மூன்று சிலிண்டரும் நல்ல எண் காட்டி, காலையிலும் இறக்கத்திலும் மட்டும் புகை வந்தால், வேலை அநேகமாக மேலேயே முடிந்துவிடும்.

சீல் மாற்றும் இந்த வேலைக்குப் பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ராக்கர் கவரைத் திறந்து ராக்கர்களை விலக்குவார்கள். ஸ்பிரிங்கை எடுத்தால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடுமே? அதற்காகப் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வைத் தாங்குவார்கள். நைலான் கயிற்றை உள்ளே நுழைத்து, பிஸ்டனை மேலேற்றி, அந்தக் கயிற்றால் முட்டுக் கொடுப்பதும் உண்டு. பிறகு ஸ்பிரிங்கை அமுக்கி, சிறிய லாக்குகளை எடுத்து, பழைய சீலை உருவலாம். அப்போதே தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். கைடு தேய்ந்து தண்டு ஆடினால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். ஹெட்டைக் கழற்றிக் கைடு மாற்றுவதே வழி. ஆட்டம் இல்லையென்றால், புது சீலின் உதடு தண்டின் பள்ளத்தில் கிழியாதபடி மெல்லிய உறை போட்டு, ஆயில் தடவி, நேராகத் தட்டி உட்கார வைக்கலாம். கடைசியில் டேப்பெட்டைச் சரிபார்க்க வேண்டும்.

பழைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள், இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், கம்ப்ரஷன் எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆயில் விடாமல் எடுத்தது, ஆயில் விட்டு எடுத்தது இரண்டும் வேண்டும். நல்ல மெக்கானிக் தயங்க மாட்டார். போருக்கான பணம் தேவைதானா என்பதை அந்த எண்களைப் பார்த்து நீங்களே அவருடன் பேசி முடிவு செய்யலாம்.