நாய் வளர்ப்போர் கழகமும் நல்லொழுக்கமும்

மாணவச் செல்வங்களே! விளையாட்டுப் பண்பு என்றவுடன் கால்பந்தும் சடுகுடுவுமே நம் நினைவிற்கு வருகின்றன. நாய் வளர்ப்போர் கூடி அமைக்கும் கழகத்திற்கும் அப்பண்பு வேண்டுமோ என்று நீங்கள் வியக்கலாம். வேண்டும், ஏனைய ஆட்டங்களைக் காட்டிலும் அங்கு மிகுதியாகவே வேண்டும். அதன் காரணத்தை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பன நம் நாட்டு ஊர்கள். அவ்வூர்களின் பெயரே அங்குத் தோன்றிய நாயினங்களுக்கும் வழங்குகிறது. 2005ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் இராசபாளையமும் ஒன்றாக விளங்கியது. இத்தகைய இனம் கலப்பின்றியும் நலம் குன்றாமலும் நிலைபெறுவதற்காகவே இனக்கழகங்கள் தோன்றின. ஓரினத்தின் இலக்கணத்தை வகுத்தல், பிறக்கும் குட்டிகளைப் பதிவேட்டில் எழுதுதல், கண்காட்சி நடத்திச் சிறந்தவற்றிற்குப் பரிசளித்தல் ஆகிய மூன்றும் அவற்றின் பணிகள்.

இப்பணிகளின் வரலாறு படிப்பினை நிறைந்தது. முறையாக நடத்தப்பெற்ற முதல் நாய்க் கண்காட்சி, 1859ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்தது என்பர். பாயின்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களே அதில் கலந்துகொண்டன. ஒரு வகையில் வென்ற நாய், மற்ற வகைக்கு நடுவராயிருந்தவர் ஒருவருடையது. அந்த மற்ற வகையில் வென்றதோ முதல் வகையின் நடுவருடையது! தீர்ப்பு நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் கண்டோர் உள்ளத்தில் ஐயம் எழாமலிருக்குமா? நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது. ஐயத்திற்கு இடந்தராமலும் நடக்கவேண்டும் என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

1873இல் இலண்டனில் நாய்க் கழகம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டு அது வெளியிட்ட முதற் பதிவேட்டில் நாலாயிரத்திற்கு மேற்பட்ட நாய்கள் இடம்பெற்றன. ஒரே பெயரில் பல நாய்கள் இருந்தமையால் எது எதுவென்று அறியமுடியாத குழப்பம் நேர்ந்தது. அதனை நீக்கவே 1880 முதல் பெயர்ப்பதிவு முறை வந்தது. நம் நாட்டில் இப்பணியைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நாய்க் கழகம் ஆற்றிவருகிறது. அரிசிமணி அளவுள்ள நுண்சில்லு ஒன்றை நாயின் தோலுக்கடியில் செலுத்தி, அதிலுள்ள பதினைந்து இலக்க எண்ணைக்கொண்டு நாயை அடையாளம் காண்பது இன்றைய முறை.

ஆனால் அச்சில்லு, “இந்த நாய் இது” என்று மட்டுமே சொல்லும். “இதன் தந்தை எது?” என்று கேட்டால் அது விடை கூறாது. மரபணுச் சோதனை செய்தாலன்றி, அவ்விடை வளர்ப்பவருடைய வாய்ச்சொல்லையே சார்ந்தது. ஆகவே பதிவேடு முழுவதும் மனிதருடைய வாய்மையின்மீது எழுப்பிய கட்டடம் எனலாம்.

இனி, வாய்மை தவறினால் விளைவது யாது என்று பார்ப்போம். இராசபாளையம் நாயின் அழகு அதன் தூய வெண்மை. வெண்ணிற நாய்களுள் சிலவற்றிற்கு, நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியில் இல்லாமையால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் ஆற்றல் அழிந்துவிடுகிறது. இரு செவியும் கெட்டால் எளிதில் தெரிந்துவிடும். ஒரு செவி மட்டும் கெட்ட நாயோ, அழைத்தால் வரும், மிடுக்காக நடக்கும், பரிசும் பெறும். செவிநரம்பை மின்கருவியால் சோதித்தாலன்றி அக்குறை வெளிப்படாது. சோதித்துக் குறையை அறிந்தவர் அதனை மறைத்து அந்நாயைக் குட்டி ஈனப் பயன்படுத்தினால், அவரைத் தண்டிக்க அங்கு எந்த நடுவர் இருக்கிறார்? பந்தாட்டத்தில் செய்த வஞ்சனை ஆட்டத்தோடு முடிகிறது. இங்குச் செய்த வஞ்சனையோ குட்டிகளின் குருதியில் கலந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. துன்பப்படும் அவ்வுயிர்களுக்கு முறையிட வாயும் இல்லை.

நான் வாழும் நெம்மேலிக்குத் தெற்கே, மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையொன்றைப் பல்லவச் சிற்பி செதுக்கியிருக்கிறான். அதனை நம்பி எலிகள் அருகே நிற்கின்றன. வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்ளத்தை மறைப்பவரை நினைக்குந்தோறும் அப்பூனையே என் கண்முன் நிற்கும்.

தனியொருவர் மட்டுமன்றிக் கழகங்களும் தவறுவதுண்டு. அழகு என்று தாம் வகுத்த இலக்கணமே நாய்க்கு நோயாகிவிடுவதுமுண்டு. 2008இல் பி.பி.சி. தொலைக்காட்சி இதனை ஒரு படமாகக் காட்டியது. மூளைக்குப் போதிய இடமின்றி மண்டையோடு சிறுத்துத் துன்புறும் சிறுநாய்களை மக்கள் கண்டு வருந்தினர். மறு ஆண்டே இலண்டன் கழகம் பல இனங்களின் இலக்கணத்தைத் திருத்தியது. குறையைச் சுட்டியவரைப் பகைவராகக் கருதாமல் திருந்திக்கொள்வதும் விளையாட்டுப் பண்பேயாகும்.

கண்காட்சிக் களத்திலும் சில ஒழுங்குகள் உண்டு. நாயின் நிறத்தைச் சாயத்தால் மாற்றலாகாது. நடுவரிடம் தன் நாயின் பெருமையைப் பேசலாகாது. அடுத்தவர் நாயை மிரளச் செய்யலாகாது. தோற்றபொழுது வென்றவரை மனமார வாழ்த்தவேண்டும். தோற்ற ஆத்திரத்தை நாயின்மீது காட்டவே கூடாது. அது பரிசை அறியாது. தன்னை வளர்த்தவரின் முகத்தை மட்டுமே அறியும்.

சட்டமும் ஓர் எல்லையை வகுத்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது; ஒரு பெட்டை நாய் ஆண்டிற்கு ஒருமுறைக்கு மேலும், வாழ்நாளில் ஐந்துமுறைக்கு மேலும் குட்டி ஈனச் செய்யலாகாது. எனினும் ஒவ்வொரு வீட்டின் கொல்லையிலும் சட்டம் காவல் நிற்க இயலுமா? அங்குக் காவல் நிற்கவேண்டியது மனச்சான்றே.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் நாய் வளர்க்கலாம். சிலர் கழகங்களில் பொறுப்பேற்கலாம். பதிவேட்டில் ஒரு வரி எழுதப் பேனாவை எடுக்கும்பொழுது, இன்னும் பிறவாத குட்டிகள் அவ்வரியை நம்பியிருக்கின்றன என்பதை எண்ணிப்பாருங்கள். பரிசுக் கிண்ணம் கைவிட்டுப் போனாலும் அவ்வரி மெய்யாக இருக்கட்டும்.