ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பக்கமிருந்து ஓர் இளம்பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்தால் ஆஸ்துமாவோ என்று தோன்றும். இருமலும் சேர்ந்தால் டிபி. இரண்டுமே பரவலாக இருப்பவை என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் சளியில் கிருமி இல்லை, இன்ஹேலருக்கும் மூச்சு அடங்கவில்லை. ஒருநாள் சுருக்கென்று நெஞ்சு குத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நிற்கிறது. குழாய் போட்டுக் காற்றை எடுத்தால் போதாது. ஏன் கசிந்தது என்று தேடியாக வேண்டும்.

சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது. மெல்லிய சீவல்களாகப் படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேனில்தான் கருப்பு வட்டங்கள் வெளிப்படும். நீர்க்கட்டி என்கிறோமே தவிர, உள்ளே நீர் இல்லை, வெறும் காற்று.

இங்கே வடிவமே துப்பு. நுரையீரல் முழுக்க, மெல்லிய சுவரோடு உருண்டையான குமிழ்கள் சீராகப் பரவியிருந்தால் 'லாம்' நோயாக இருக்கலாம். பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதில் வருவது. மேல்பகுதியில் கோணல்மாணலான குமிழ்கள், கூடவே பீடி, சிகரெட் பழக்கம் என்றால் லாங்கர்ஹான்ஸ் செல் நோய். அதில் புகையை விட்டாலே பலருக்குக் குணம் தெரிகிறது. அடிப்பகுதியில் குமிழ்கள் இருந்தால், "பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ நுரையீரலில் காற்று கசிந்ததுண்டா?" என்று கேட்க வேண்டும். பர்ட்-ஹாக்-டூபே என்ற பரம்பரை நோய் அப்படித்தான் பிடிபடும்.

லாம் என்று சந்தேகப்பட்டால் வயிற்றையும் ஸ்கேன் செய்வார்கள். சிறுநீரகத்தில் கொழுப்புக் கட்டி ஒளிந்திருக்கலாம். இரத்தத்தில் வி.இ.ஜி.எஃப்.-டி என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 800 பிகோகிராமோ அதற்கு மேலோ இருந்து, சி.டி. படமும் ஒத்துப்போனால், நுரையீரலிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் வேதனை மிச்சம்.

லாமுக்கு சிரோலிமஸ் என்ற மருந்தும் உண்டு. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். 2011-ல் வெளியான, 89 பேர் பங்கேற்ற ஆய்வில், சிரோலிமஸ் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஓராண்டும் நுரையீரலின் திறன் சரியாமல் நின்றது. நிறுத்தியதும் மறுபடி சரிந்தது. சீக்கிரம் கண்டுபிடிப்பது அதனால்தான் அத்தனை முக்கியம்.

புதுக்கோட்டைக்கு 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே போனாலும் தஞ்சாவூர், திருச்சி என்று அலைந்தாலும், அந்தப் பெண் முதல் தடவை எடுத்த ஸ்கேன் படத்தைக் கவரோடு கையில் கொண்டுபோக வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், குமிழ்கள் கூடியிருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.