மணிக்கட்டில் சுளுக்கா, முறிவா?

வரப்பில் வழுக்குகிறவர் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றியே விழுவர். மணிக்கட்டு வீங்கினும், விரல்கள் அசைகின்றபடியால் சுளுக்கென்று கருதி எண்ணெய் தேய்த்து உருவுவது வழக்கம். இது பிழை. எலும்பு முறிந்த கையிலும் விரல்கள் அசையக்கூடும்.

கை கோணியிருத்தல், எலும்பின்மேல் ஓரிடத்தில் தொட்டாலே கடும் நோவு, பொருளைப் பற்ற வலுவின்மை ஆகியவை முறிவின் குறிகளாம். டப்ளின் நகரத்து வைத்தியர் ஆபிரகாம் காலிஸ், 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுமுன்னரே, 1814-ல் ஆர எலும்பின் நுனி முறிந்து கையின் உருவம் மாறுவதை விவரித்தார்.

ஆயினும் கோணல் இல்லாமையால் முறிவில்லையென்று துணியலாகாது. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தோன்றும் குழியை அழுத்தும்போது நோவு கண்டால், படகெலும்பு முறிந்திருக்கலாம். முதற் படத்தில் இது தெரியாமலும் போகும். ஏறக்குறைய 10 முதல் 14 தினங்கள் கழித்து மறுபடம் எடுப்பர். அசட்டை செய்தால் எலும்பு ஒன்றுசேராமல் நின்று, ஏர் பிடிக்கும் கை வலுவிழக்கும்.

ஐயமிருப்பின் உருவலாகாது. வளையல், மோதிரங்களைக் கழற்றி, பலகைத் துண்டின்மேல் கையைத் தளர்வாகக் கட்டி, கழுத்தில் தூளியிட்டு வைத்தியசாலைக்குச் செல்க. மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை அழுகுவதுமுண்டு. விரல்கள் மரத்தாலும் நீலம் பாய்ந்தாலும் கட்டினை உடனே தளர்த்துக. அங்கத்தினர்கள் இதனை அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்பார்களாக.