நிற்கும் லாரியின் கணக்கு

அவலூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லும் மல்லாட்டையும் வந்து குவியும் வாரங்களில் லாரிக்காரருக்கு மதிப்பு ஏறிவிடும். போன் மேல் போன் வரும், வாடகையும் கூடும். அறுவடை ஓய்ந்ததும் அதே வண்டி மரநிழலில் நிற்கும். வண்டிக் கடனின் டியூ தேதிக்கு மட்டும் பருவம் கிடையாது. சொந்தமாக ஒரே ஒரு லாரி வாங்கி, தானே ஸ்டியரிங் பிடிக்கும் மனிதர் அப்போதுதான் யோசிக்கிறார்: செய்யாறு சிப்காட், ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வண்டியை அட்டாச் போட்டுவிடலாமா? அல்லது புக்கிங் ஆபீஸ் லோடை நம்பி வெளியிலேயே ஓட்டலாமா?

அட்டாச் என்றால் ஆர்.சி. புத்தகம், கடன், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஓனர் பொறுப்பு. லோடு பிடிப்பதும் சரக்குக்காரரிடம் பில் போடுவதும் கம்பெனியின் வேலை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ மாதத்துக்கு இவ்வளவு என்றோ ஓனருக்குக் கம்பெனி கொடுக்கும். டீசல் யார் கணக்கு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பல இடங்களில் அதுவும் ஓனர் கணக்குத்தான்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிலோமீட்டர் ரேட்டை வைத்தே பதில் தேடுகிறோம். வெளியில் இவ்வளவு கிடைக்கும், கம்பெனியில் இவ்வளவுதான், ஆகவே வெளியே நல்லது என்று முடித்துவிடுகிறோம். ஒரு லாரிக்காரரின் பிழைப்பைத் தீர்மானிப்பது வண்டி ஓடும் கிலோமீட்டரைவிட அது நிற்கும் நேரமும் காலியாகத் திரும்பும் தூரமும்தான் என்பது என் உறுதியான எண்ணம். இயற்பியலும் நிகழ்தகவுக் கணிதமும் அதையே சொல்கின்றன.

முதலில் காலியாகத் திரும்பும் வண்டியைப் பார்ப்போம். இரண்டு அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம். 2018 வரை இது 16.2 டன்னாக இருந்தது. காலி வண்டியின் எடை ஏறத்தாழ ஆறரை டன் என்று வைத்துக்கொள்வோம். சமதளச் சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் சீரான வேகத்தில் அதை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. உருளும்போது டயர் நசுங்கி நிமிர்வதால் வரும் தடை ஒன்று. இது எடையைப் பொறுத்தது. மற்றொன்று காற்றுத் தடை. அது வண்டியின் முகப்பையும் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே நெல் மூட்டை இருக்கிறதா இல்லையா என்பது காற்றுக்குத் தெரியாது.

தோராயமாகக் கணக்கிட்டால், முழுச் சுமையோடு ஒரு கிலோமீட்டர் போக டயர் தடைக்கு 1.3 மெகாஜூலும் காற்றுத் தடைக்கு 0.9 மெகாஜூலும் தேவை. சுமையை இறக்கிவிட்டால் டயர் தடை 0.45 மெகாஜூலாகக் குறைகிறது, காற்றுத் தடை அப்படியே இருக்கிறது. மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிட்டது. ஆற்றல் தேவையோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்திருக்கிறது. வாடகை ஒரு ரூபாய்கூட இல்லாத எம்ப்டி டிரிப்புக்கு, லோடு வண்டி குடிக்கும் டீசலில் ஐந்தில் மூன்று பங்கு போகிறது. வேகத்தடைகளும் ஏற்ற இறக்கங்களும் உள்ள நிஜச் சாலையில் இந்த விகிதம் கொஞ்சம் மாறும். ஆனால் காற்று தள்ளுபடி தராது என்பது மாறாது.

ரிட்டர்ன் லோடுக்காக டிரைவர்கள் வெளியூரில் நாள் கணக்கில் காத்துக் கிடப்பது இதனால்தான். எம்ப்டி வந்தால் டீசல் போகும், நின்றால் நாள் போகும். தனி ஆளுக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். நூறு வண்டி வைத்திருக்கும் கம்பெனிக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இங்கே லோடு இல்லையென்றால் பக்கத்து ஊர்க் கிளையில் இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் லோடு கிடைப்பது தனித்தனியான தற்செயல் என்றால், நூறு வண்டிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வருமானத்தின் ஏற்ற இறக்கம், சராசரியோடு ஒப்பிட, பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நூறின் வர்க்கமூலம் பத்து. கம்பெனி மாதாமாதம் நிலையான தொகை தர முடிவது இந்தக் கணிதத்தால். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழும்போது மட்டும் இந்தக் கணிதம் கைகொடுக்காது. 2020 மார்ச் ஊரடங்கில் நூறு வண்டி வைத்திருந்தவருக்கும் நூறும் நின்றன.

இனி என்னை மிகவும் வியக்க வைத்த கணக்குக்கு வருகிறேன். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657-ல் சூதாட்டம் பற்றி எழுதிய சிறு நூலின் கடைசியில், ஆட்டக்காரரின் கை காலியாக எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும் புதிர் ஒன்று உண்டு. அதை அப்படியே லாரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். பத்து மாதத்தில் ஆறு மாதம் ஒரு டியூ அளவுக்கு லாபம், நாலு மாதம் ஒரு டியூ அளவுக்கு நட்டம், எந்த மாதம் எது என்பது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் இது லாபத் தொழில்தான். வங்கி மேலாளர்கூடத் தலையாட்டுவார். கையில் ஒரே ஒரு டியூவுக்கான பணத்தோடு இறங்கியவர் என்றாவது ஒருநாள் முழுகிப்போகும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 67. மூன்று டியூ கையிருப்பு இருந்தால் அது 30 ஆகிறது. ஆறு டியூ இருந்தால் வெறும் 9.

தொழில் ஒன்று, உழைப்பு ஒன்று, லோடு கிடைக்கும் விகிதமும் ஒன்றே. வேறுபாடு கையிருப்பில் மட்டும். நல்ல டிரைவர், குடிக்காதவர், வண்டியைக் கண்ணாக வைத்திருப்பவர், அவர் வண்டியையே ஃபைனான்ஸ்காரர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்படும்போது அவரிடம் ஏதோ குறை இருந்திருக்கும் என்று ஊர் பேசுகிறது. பல நேரம் குறை அவரிடம் இல்லை. தொடக்கத்திலேயே இரண்டு மோசமான மாதங்கள் அடுத்தடுத்து வந்திருக்கும், அவ்வளவுதான். அதனால், முன்பணத்துக்கே நகையை அடகு வைத்து வண்டி எடுத்தவர் முதல் ஓரிரண்டு வருடம் அட்டாச்சில் ஓட்டுவது கோழைத்தனம் அல்ல, கணக்கறிந்த செயல். ஆறு மாத டியூவைத் தனியே எடுத்து வைக்க முடிந்தவருக்கே வெளி லோடு சுதந்திரம். மற்றவருக்கு அது ஹைகன்ஸின் ஆட்டம்.

கையிருப்பு இல்லாதவர் நாலைந்து நாள் நின்ற பிறகு கிடைக்கும் முதல் லோடில் இரண்டு டன் கூடுதலாக ஏற்றச் சம்மதிப்பதும் இதே அழுத்தத்தால்தான். வெளி லோடில் டன்னுக்குத்தானே வாடகை. 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சாலைக்கு நேரும் சேதம் அதைவிடப் பெரிது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனிச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுச் சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலை தேய்வதை அந்தச் சோதனை காட்டியது. பின்னச்சில் 11.5 டன்னுக்குப் பதில் 14 டன் ஏறினால் தேய்மானம் இரு மடங்கையும் தாண்டும்.

இவ்வளவு சொன்னதால் அட்டாச் பாதுகாப்பானது என்று முடித்துவிட முடியாது. அங்கே வேறொரு வழியில் கையிருப்பு கரைகிறது. டீசலுக்கு இன்றே பணம், ஃபாஸ்டேக்கில் இன்றே பணம். வாடகை பில்லோ முப்பது நாள், அறுபது நாள் கழித்து. வெளி லோடில் அட்வான்ஸாவது முதலில் கைக்கு வரும். அமெரிக்காவில் சொந்த லாரியைக் கம்பெனியோடு இணைத்து ஓட்டுபவருக்கு, பயணக் காகிதங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று ஒன்றிய அரசின் விதி இருக்கிறது. வாடகையில் சதவீதம் பேசியிருந்தால் சரக்குக்காரருக்குப் போட்ட பில்லின் நகலையும் கம்பெனி அவருக்குக் காட்டியாக வேண்டும். நம் ஊரில் 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு தொழில் சட்டம் 45 நாள் உச்சவரம்பு வைக்கிறது. ஒற்றை லாரிக்காரரும் உத்யம் பதிவு செய்தால் அதைக் கோரலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. செய்துகொள்ளுங்கள் என்று பார்க்கும் ஒவ்வொரு லாரிக்காரரிடமும் சொல்லத் தோன்றுகிறது.

நிற்கும் வண்டியின் சிக்கல் வரிச் சட்டத்திலும் தெரிகிறது. பத்து வண்டி வரை உள்ளவர்களுக்காக 1961 வருமானவரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவில் ஓர் எளிய முறை வகுத்தார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாக எடுத்துக்கொள்ளப்படும். 18.5 டன் வண்டிக்கு மாதம் 18,500 ரூபாய். கணக்குப் புத்தகம் வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் வண்டி அந்த மாதம் ஓடியதா நின்றதா என்ற கேள்வி அதில் இல்லை.

அட்டாச் ஒப்பந்தங்களில் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். அதன் விலையையும் இயற்பியலிலேயே பார்க்கலாம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் மேலே சொன்ன லோடு வண்டியின் ஆற்றல் தேவை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. டீசல் ஓனர் கணக்காக இருந்தால், சரக்குக்காரருக்குக் கம்பெனி உறுதி தரும் நேரத்துக்கு அவர் பையிலிருந்து பணம் போகிறது.

பணத்தைவிடப் பெரிய விலையும் உண்டு. ஆலை வாசலில் ஏழு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு இரவில் வண்டியை எடுக்கும் டிரைவரின் உடலுக்கு அந்த ஏழு மணி ஓய்வு அல்ல. வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டும், விழித்தேதான் இருந்திருப்பார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. ஒரு சொட்டும் குடிக்காத மனிதர் சட்ட வரம்பைத் தாண்டியவரைப் போல் ஓட்டுகிறார். லோடு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் கணித்தது. நம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கொரு முறை அரை மணி ஓய்வு என்று வகுத்தது. அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. தன் வண்டியைத் தானே ஓட்டுபவரை அது எட்டவே இல்லை.

ஒற்றை ஆளாகப் போய் ஒப்பந்த வரிகளை மாற்றச் சொன்னால் எந்தக் கம்பெனியும் எளிதில் கேட்காது என்பது உண்மை. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட எல்பிஜி டேங்கர் உரிமையாளர்கள் 2025 மார்ச் இறுதியில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து வண்டிகளை நிறுத்த முடிந்ததற்குக் காரணம், அவர்கள் சங்கமாக இருந்ததுதான். அவலூர்பேட்டையிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் ஒரே கம்பெனிக்குப் போகும் ஐந்தாறு ஓனர்கள் சேர்ந்து உட்கார்ந்தால்கூடப் பேச்சின் எடை மாறும்.

அப்படி உட்காரும்போது கிலோமீட்டர் ரேட்டில் ஐம்பது காசு கூட்டிக் கேட்பதற்கு முன், ஹால்டிங் பற்றிக் கேட்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு காத்திருப்புக் கூலி தொடங்கும்? மணிக்கா, நாளுக்கா? வண்டி வாசலுக்கு வந்த நேரத்தை யார் குறிப்பது? கேட் உள்ளே நுழைந்த நேரத்தைத்தான் எழுதுவோம் என்று சொன்னால், வெளியே வரிசையில் நின்ற அத்தனை மணியும் எந்தக் காகிதத்திலும் ஏறாது. வந்து சேர்ந்த நேரம் வாட்சுமேன் கையெழுத்தோடு எல்.ஆர். எனும் லாரி ரசீதின் பின்பக்கத்தில் பதிவாக வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.