டப்பிங்கில் தொலைந்த பாட்டு

ஜோடி நன்றாகப் பொருந்தினால் டிவியில் 'கெமிஸ்ட்ரி' என்கிறார்கள் (சயின்ஸ் மிஸ் சிரிக்காதீங்க!). நம்ம சேலத்தில் கேபிளாகத் தொடங்கியதுதான் பாலிமர். அதில் வீட்டில் எல்லாரும் பார்த்த 'உள்ளம் கொள்ளை போகுதடா', 2011-இல் இந்தியில் தொடங்கிய 'படே அச்சே லக்தே ஹைன்' தொடரின் டப்பிங். ராமும் பிரியாவும் வயசு தள்ளிப்போய் கல்யாணம் பண்ணி, அப்புறம்தான் காதலிப்பார்கள். குரல் தமிழானாலும் ராம் கபூர், சாக்‌ஷி தன்வர் பார்வை அப்படியே இருந்தது.

பாட்டுதான் போச்சு! இந்தித் தலைப்பே 1976-இல் வந்த 'பாலிகா பது' படப் பாட்டின் தொடக்கம். அந்தப் படம் சின்ன வயசிலேயே கல்யாணம் ஆன ஜோடியின் கதை. சீக்கிரம் கட்டியவர்களின் பாட்டை லேட்டாகக் கட்டியவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்! பழைய இந்திப் படம் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். நம்ம ஆயாவுக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கவேயில்லை.