குழந்தைக்கு ஆபரேஷன்! தாய் செய்ய வேண்டியது என்ன?

திருக்கனூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாய் மூன்று வயது மகனைக் குளிப்பாட்டுகிறாள். தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு வீக்கம் தெரிகிறது. பையன் அழுதால் அது பெரிதாகிறது. தூங்கினால் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது.

"அத்தை, இங்கே வந்து பாருங்களேன்!"

மாமியார் வருகிறார். "அழுது அழுது காற்று இறங்கி இருக்குதம்மா. விளக்கெண்ணெய் தடவு. சரியாப் போகும்" என்கிறார்.

சரியாகப் போகாது. இதற்குப் பெயர் குடல் இறக்கம். எண்ணெயால் இது போகாது. துணி வைத்துக் கட்டினாலும் போகாது. ஆபரேஷன்தான் வழி.

"ஐயோ, ஆபரேஷனா!" என்று தலையில் கை வைக்க வேண்டாம். குழந்தைகளுக்குச் செய்யும் ஆபரேஷன்களில் மிகச் சாதாரணமானது இது. பெரும்பாலும் காலையில் செய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். ஆகவே ஆபரேஷன் டாக்டரின் வேலை என்றால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை முழுவதும் தாயின் வேலை.

ஏன் வருகிறது?

ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது, அதன் விதைகள் வயிற்றுக்குள்ளே இருக்கின்றன. பிறக்கும் முன்பு கீழே இறங்குகின்றன. இறங்கும் பாதையில் ஒரு சிறு பை உண்டாகிறது. அந்தப் பையின் வாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. அந்த வழியாகக் குடல் நழுவி வருகிறது. அவ்வளவுதான்!

குழந்தை அழுததால் இது வரவில்லை. தாய் இடுப்பில் தூக்கி வைத்ததாலும் வரவில்லை. யார் மீதும் பழி இல்லை. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு இது அதிகம். பெண் குழந்தைக்கும் வரலாம்; ஆனால் ஆண் குழந்தைகளுக்கே அதிகம். இடது பக்கத்தைவிட வலது பக்கத்தில் அதிகம்.

தள்ளிப் போட்டால் என்ன? இறங்கிய குடல் சில சமயம் மேலே போகாமல் சிக்கிக்கொள்ளும். வீக்கம் கல் போல் ஆகும். குழந்தை ஓயாமல் அழும்; வாந்தி எடுக்கும். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

தொப்புள் புடைத்திருப்பது வேறு விஷயம். அது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். அதன் மேல் காசு வைத்துக் கட்டுகிறார்களே, அது வேண்டாம். தோல் புண்ணாவதுதான் மிச்சம். டாக்டரிடம் ஒரு முறை காட்டினால் போதும்.

சீமையில் நடந்த கதை

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்று ஒரு நகரம். அங்கே நிக்கல் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஏழைக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, அன்றே தாயிடம் கொடுத்து அனுப்பினார். பத்து ஆண்டுகளில் இப்படி 8,988 ஆபரேஷன்கள்! 1909-ம் ஆண்டு இந்தக் கணக்கை வெளியிட்டார். அவற்றில் ஏறக்குறையப் பாதி, மூன்று வயதுக்கும் குறைந்த குழந்தைகளுக்குச் செய்தவை. குடல் இறக்க ஆபரேஷன்களும் அவற்றில் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடத் தாயின் மடியில் குழந்தை அமைதியாக இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

ஆனாலும் நெடுங்காலம் அவர் சொல்லை உலகம் கேட்கவில்லை. குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தாய் வெளியே போக வேண்டும் என்பதே பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. தாய் வந்தால் குழந்தை அழும்; வராவிட்டால் "சமர்த்தாக" இருக்கும் என்றார்கள்.

அந்தச் சமர்த்து எப்படிப்பட்டது? 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். லாரா என்ற இரண்டு வயதுப் பெண் குழந்தை, தொப்புள் ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தாள். அதை அப்படியே படம் பிடித்தார். லாரா அதிகம் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டாள். அம்மா எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாய் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்!

அந்தப் படம் பெரிய வாதத்தைக் கிளப்பியது. 1959-ல் இங்கிலாந்தில் ஒரு கமிட்டி, பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தையோடு தாயும் தங்கலாம் என்று சிபாரிசு செய்தது. நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதைக் கமிட்டி சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை விட்டு அவர்கள் எங்கே நகர்ந்தார்கள்!

எங்கே போவது?

திருக்கனூர்ப் பக்கத்து மக்கள் முதலில் மண்ணாடிப்பட்டு சமுதாய நலவழி மையத்தில் காட்டலாம். ஆபரேஷனுக்குப் புதுவை போக வேண்டும். பத்துக்கண்ணு, வில்லியனூர் வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது அது. 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்வதற்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், ஆயுஷ்மான் அட்டை, தடுப்பூசிச் சீட்டு ஆகியவற்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

பொய் சொல்லாதீர்கள்

"சேட்டை பண்ணினால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று குழந்தையை மிரட்டாத வீடு உண்டா? அந்த மிரட்டலை இன்றே நிறுத்துங்கள். ஊசி தண்டனை என்று நினைக்கும் குழந்தை, "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று ஆஸ்பத்திரியில் ஏங்கும்.

"கடைத்தெருவுக்குப் போகலாம் வா" என்று ஏமாற்றி அழைத்துப் போவதும் தவறு. பிறகு தாயின் சொல்லையே குழந்தை நம்பாது. உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

"கண்ணு, உன் வயிற்றுக்குக் கீழே வீங்குதில்லே? அதை டாக்டர் மாமா சரி பண்ணுவார். அப்போ நீ தூங்கிக்கிட்டு இருப்பே. எழுந்தா அம்மா பக்கத்திலே இருப்பேன்."

"வலிக்குமா அம்மா?"

"எழுந்த பிறகு கொஞ்சம் வலிக்கும். மருந்து குடிச்சா குறைஞ்சிடும்."

இது போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முன்பு சொன்னால் போதும். ஐந்தாறு வயதானால் நான்கைந்து நாள் முன்பே சொல்லலாம். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாட விடுங்கள். பயம் பாதி அதிலேயே போகும்.

பட்டினி எதற்கு?

ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்தில் வாந்தி வந்தால், அது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து! சோறு, இட்லி, பிஸ்கட், மாட்டுப்பால் ஆகியவற்றைப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் ஒன்றிரண்டு மணி நேரம். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கே கணக்கு.

இதில் பாட்டிமார்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "பச்சைப் புள்ளை, வாடிப் போச்சே" என்று ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவார்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். ஆபரேஷனில் மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உலோகம் பட்ட இடம் சுடக்கூடும்.

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் தாயைக்கூடத் தெரியாததுபோல் கத்தும், காலை உதைக்கும். திகைக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மடியில் வைத்துப் பழகிய குரலில் பேசிக்கொண்டிருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுவர வேண்டாம். ஆட்டோ அல்லது கார் நல்லது. அன்று முழுவதும் குழந்தை தூக்கக் கலக்கமாக இருக்கும். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சாதம். ஒரு முறை வாந்தி எடுத்தால் பயமில்லை.

வலி மருந்தில் கவனம் தேவை. பாரசிட்டமால் வயதுக்கு அல்ல, எடைக்குக் கொடுக்கும் மருந்து. சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்து பல மடங்கு வீரியம் உள்ளது. சிரப்புக்கு எழுதிய அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் விஷமாகும்! சமையல் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தையல் போட்ட இடத்தை டாக்டர் சொல்லும் வரை நனைக்காதீர்கள். மஞ்சள், காபித்தூள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். திருஷ்டி கழிப்பது உங்கள் விருப்பம். சாம்பலை மட்டும் புண் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஆறும் வரை அரைஞாண் கயிறும் கட்ட வேண்டாம். விதைப் பை சற்று வீங்கி நீலம் பாய்ந்திருக்கலாம். அது நாளடைவில் வடியும்.

அடுத்தது பத்தியம். "பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது" என்று சொல்லி ரசஞ்சோறு மட்டும் போடுகிறார்கள். இது சரியல்ல. சதை கூடிப் புண் ஆற வேண்டுமானால் பருப்பும் முட்டையும் பாலும் மீனும்தான் வேண்டும். கீரையும் பழமும் கொடுங்கள். மலம் இளகிப் போகும். முக்கினால் தையல் இடம் வலிக்கும்.

ஓடியாடும் பிள்ளையைக் கட்டிப் போட முடியாது. வீட்டுக்குள் நடக்கட்டும். சைக்கிள், மரம் ஏறுதல், திண்ணையிலிருந்து குதித்தல் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று. பழக்கம் மாறிய குழந்தை மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம். இரவில் அலறலாம். தாயின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கட்டு நனைகிற அளவு ரத்தம், சீழ், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, கல் போன்ற வீக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மறு சோதனைக்குக் கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள். ஒரு பக்கம் சரியான பிறகு, சில பிள்ளைகளுக்கு மறு பக்கத்திலும் குடல் இறங்குவது உண்டு. குளிப்பாட்டும்போது அந்தப் பக்கத்தையும் பார்த்து வாருங்கள்.